முப்பது பீஸ் அளந்தால் போதுமா?

பட்டறை கேள்வி பதில்

இந்த மாதம் சிபிகே கேள்விகளாகவே வந்து குவிந்திருக்கின்றன. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: சராசரியிலிருந்து டாலரன்ஸின் (அனுமதித்த அளவு வரம்பின்) பக்கத்து எல்லை எவ்வளவு தூரம் என்று பார்த்து, அதை மூன்று சிக்மாவால் வகுத்தால் வருவது சிபிகே. எண் பெரிதாக ஆக, பீஸ்கள் எல்லைக்குள் நிம்மதியாக நிற்கின்றன என்று அர்த்தம். சிக்மா என்பது பீஸுக்குப் பீஸ் அளவு எவ்வளவு அலைகிறது என்பதன் கணக்கு. இனி கேள்விகள்.

அண்ணாச்சி, பேட்டையில் சின்னதாக சிஎன்சி டர்னிங் பட்டறை வைத்திருக்கிறேன். 25 மில்லி பின், ஹெச்7 டாலரன்ஸ். அதாவது 24.979-லிருந்து 25.000 வரை. 30 பீஸ் அளந்ததில் சராசரி 24.989, சிக்மா 2.5 மைக்ரான், சிபிகே 1.33 வந்தது. கஸ்டமர் கேட்டதும் 1.33தான். ஆனாலும் ‘சாம்பிள் போதாது’ என்று ரிப்போர்ட்டைத் திருப்பிவிட்டார்கள். முப்பது என்பதுதானே எல்லோரும் சொல்கிற எண்?

உங்கள் கணக்கில் பிழை இல்லை. கீழ் எல்லை 10 மைக்ரான் (0.010 மில்லி) தள்ளி இருக்கிறது, மூன்று சிக்மா 7.5, வகுத்தால் 1.33. சந்தேகமெல்லாம் அந்த 2.5 மேல்தான். முப்பது பீஸில் 2.5 என்று வந்தால், மெஷினின் உண்மையான சிக்மா 2.0 முதல் 3.4 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதுதான் 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது. சிபிகேக்கு அதை மாற்றிப் போட்டால் 0.97 முதல் 1.69 வரை. தேறாத மெஷினும் முப்பது பீஸில் 1.33 காட்டும், முதல் வகுப்பு மெஷினும் அதே 1.33 காட்டும். உங்களுடையது எது என்று கஸ்டமருக்கு எப்படித் தெரியும்?

முப்பது என்ற எண் சராசரிக்காக வந்தது. முப்பது பீஸை எட்டினால் சராசரியைப் பற்றி ஓரளவு தைரியமாகப் பேசலாம். சிபிகே நிற்பது சராசரி மேல் அல்ல, சிக்மா மேல். சிக்மா மெதுவாகத்தான் பிடிபடும். 30 பீஸில் அதன் தடுமாற்றம் சுமார் 13 சதவீதம், 100 பீஸில் 7, 200 பீஸில் 5. சந்தேகத்தைப் பாதியாகக் குறைக்க நாலு மடங்கு பீஸ் வேண்டும்.

அதே 1.33-ஐ 50 பீஸில் கண்டிருந்தால் உண்மை 1.05-க்கும் 1.61-க்கும் நடுவில். 100 பீஸில் 1.13 முதல் 1.53. 300 பீஸில் 1.22 முதல் 1.44. நூறு, நூற்றிருபத்தைந்தைத் தாண்டினால் அளக்கும் கூலி ஏறும் அளவுக்கு நம்பிக்கை ஏறாது. வாகன உதிரிபாகத் துறையின் பிபிஏபி நடைமுறையில் (உற்பத்திக்கு முன் பீஸுக்குக் கஸ்டமர் ஒப்புதல் வாங்கும் முறை) குறைந்தது 25 சப்குரூப் (அடுத்தடுத்து ஒன்றாக எடுக்கும் சில பீஸ்), 100 ரீடிங் என்று வைத்திருப்பது இதனால்தான் பொருந்தி வருகிறது. கஸ்டமர் வேறு எண் சொல்லாவிட்டால், அந்தப் பீஸ்கள் குறைந்தது 300 பீஸ் தொடர்ச்சியாக ஓடிய, ஒரு மணி முதல் எட்டு மணி நேர உற்பத்தியிலிருந்து வந்திருக்க வேண்டும். அதன்படி 1.67-க்கு மேல் வந்தால் தேறியது. 1.33-க்கும் 1.67-க்கும் இடையில் என்றால் கஸ்டமர் முடிவு. 1.33-க்குக் கீழே தேறாது.

கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ‘உண்மையான சிபிகே 1.33-க்குக் குறையாது’ என்று 95 சதவீத உறுதியோடு எழுத, ரிப்போர்ட்டில் எவ்வளவு காட்ட வேண்டும்? 30 பீஸ் என்றால் 1.72. 50 என்றால் 1.61. 100 என்றால் 1.52. கேட்டது 1.33, காட்டியது 1.33 என்று போனால் எந்த சாம்பிளிலும் தேறுவது கஷ்டம்.

உங்கள் பின்னுக்கு வருவோம். டாலரன்ஸ் நடு 24.9895. சராசரியை அரை மைக்ரான் நகர்த்தினால் 1.40 கிடைக்கும், அதற்கு மேல் செட்டிங்கில் எதுவும் இல்லை. 1.52 வேண்டுமென்றால் சிக்மா 2.3-க்கு இறங்க வேண்டும். மெஷினில் கை வைக்கும் முன் சூட்டைப் பாருங்கள். எஃகில் 25 மில்லி பின் ஒரு டிகிரிக்கு சுமார் 0.29 மைக்ரான் வீங்கும். சக்கிலிருந்து எடுத்த கையோடு அளந்த பீஸும், மத்தியானச் சாப்பாடு முடித்து வந்து அளந்த பீஸும் 15 டிகிரி வித்தியாசப்பட்டால் அதுவே 4.3 மைக்ரான், டாலரன்ஸில் ஐந்தில் ஒரு பங்கு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இது சாதாரணம். பீஸ், மைக்ரோமீட்டர், அதைச் சரிபார்க்கும் செட்டிங் மாஸ்டர் மூன்றையும் ஒரே இரும்புப் பலகையில் ஒரு மணி நேரம் ஆற விட்டுப் பிறகு அளங்கள். சிக்மா தானாக இறங்குகிறதா என்று பாருங்கள்.

அடுத்த தடவை 100 பீஸை ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். 25 தடவை, தடவைக்கு அடுத்தடுத்து 4 பீஸ். நடுவில் ராடு லாட் ஒருமுறையாவது மாறட்டும், இன்செர்ட் (வெட்டும் முனை) மாறட்டும், இரண்டு ஷிப்ட் ஆட்களும் ஓட்டட்டும். காரணம் அடுத்த பதிலில்.

கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். 30 மில்லி ஹெச்7 போர் (துளை), டாலரன்ஸ் 0 முதல் +21 மைக்ரான். தொடர்ந்து 50 பீஸ் அளந்தால் சிபிகே 2-க்கு மேல் வருகிறது. மூன்று ஷிப்டில் மணிக்கு 5 பீஸ் எடுத்தால் சாஃப்ட்வேர் சிபிகே 2.3, பிபிகே 0.9 என்று ஒரே பக்கத்தில் இரண்டு எண் காட்டுகிறது. எதை நம்புவது?

இரண்டுமே உண்மை. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில்.

சிபிகேயில் வரும் சிக்மா, ஒவ்வொரு சப்குரூப்புக்கு உள்ளே இருக்கும் அலைச்சல் மட்டும். ஐந்து பீஸின் பெரியது, சிறியது வித்தியாசத்தைச் சராசரி எடுத்து 2.326-ஆல் வகுப்பது. உங்கள் எண்களைப் பின்னாலிருந்து போட்டுப் பார்த்தால் வித்தியாசச் சராசரி 3.5 மைக்ரான் வாக்கில் இருக்க வேண்டும், சிக்மா 1.5. பிபிகேயில் வருவது எல்லாப் பீஸையும் ஒரே கூடையில் கொட்டி எடுத்த சிக்மா. இரண்டுக்கும் இவ்வளவு இடைவெளி என்றால், ஐந்து பீஸுக்குள் நடக்காத ஏதோ ஒன்று மணிக்கணக்கில் நடக்கிறது. போரிங்கில் அது பெரும்பாலும் இன்செர்ட் தேய்மானம்.

இப்படி வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 பீஸ், மணிக்கு ஒரு மைக்ரான் போர் சுருங்குகிறது, 240 பீஸுக்கு ஒரு தடவை இன்செர்ட் மாற்றுகிறீர்கள். ஒரு இன்செர்ட் ஆயுளில் அளவு 12 மைக்ரான் நகரும். அந்த நகர்வு மட்டும் 3.5 மைக்ரான் சிக்மாவுக்குச் சமம். (சீராக நகரும் எதற்கும் நகரும் தூரத்தை 12-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும்.) உள் அலைச்சல் 1.5-ஐயும் இதையும் வர்க்கம் போட்டுக் கூட்டினால் மொத்தம் 3.8. அதுதான் 0.9. தொடர்ந்து எடுத்த 50 பீஸ் இரண்டரை மணி நேரச் சரக்கு. அதற்குள் நகர்வு இரண்டரை மைக்ரான்தான், அதனால்தான் அங்கே 2-க்கு மேல். மெஷின் புதிதாக வந்து இறங்கும்போது, அதன் திறனை மட்டும் பார்க்க 50 பீஸ் சோதனை சரி. லைன் தினமும் எப்படி ஓடுகிறது என்று சொல்ல அது உதவாது.

இங்கே பீஸ் எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை. அந்த இரண்டரை மணி நேரத்துக்குள் 500 பீஸை அளக்க முடிந்தாலும் அந்தத் தேய்மானம் சாம்பிளுக்குள் வராது. முதலில் எழுத வேண்டியது இதுதான்: என்னென்ன மாறும், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை மாறும்? இன்செர்ட் 240 பீஸ், கூலன்ட் டாப்-அப் ஷிப்டுக்கு ஒன்று, வார்ப்பு லாட் வாரத்துக்கு ஒன்று என்று. இவற்றில் அளவை அதிகம் நகர்த்துவது எதுவோ அது குறைந்தது இரண்டு சுற்று சாம்பிளுக்குள் வந்துபோக வேண்டும். உங்களுக்கு மணிக்கு ஒருமுறை 5 பீஸ், 25 மணி நேரம் என்றால் 500 பீஸ் உற்பத்தி, இன்செர்ட் ஆயுள் இரண்டு அடங்கிவிட்டது. நல்ல திட்டம், மாற்ற வேண்டாம். வார்ப்பு லாட் மட்டும் உள்ளே வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் நாலைந்து சப்குரூப் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் இரண்டு எண்ணையும் எழுதுங்கள். மருந்தும் அந்த இடைவெளியிலேயே இருக்கிறது. 120 பீஸுக்கு ஒருமுறை ஆஃப்செட் (மெஷினில் அளவுத் திருத்தம்) போட்டால் நகர்வு 6 மைக்ரானாகக் குறையும், மொத்த சிக்மா 2.3, பிபிகே 1.5 பக்கம் வரும். புது மெஷின் கேட்டு நிர்வாகத்திடம் நிற்க வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: ஆபரேட்டர் ஒவ்வொரு பீஸையும் பார்த்துப் பார்த்து ஆஃப்செட்டைத் திருகினால் உள் அலைச்சலே கூடிவிடும். எத்தனை பீஸுக்கு, எத்தனை மைக்ரான் என்று போர்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

சங்கரன்கோவில் பக்கம் காராச்சேவு பேக்கிங் யூனிட். நாலு கப் உள்ள சுழலும் மெஷின், 500 கிராம் பாக்கெட். ஒவ்வொரு இருபதாவது பாக்கெட்டையும் எடுத்து எடை போடுகிறோம். எல்லாம் சரியாகவே இருக்கிறது. கடைக்காரர் எடை குறைவு என்கிறார்.

இருபது நாலால் வகுபடும். நீங்கள் எடுப்பது எப்போதும் ஒரே கப்பில் விழுந்த பாக்கெட். மற்ற மூன்று கப்பும் உங்கள் தராசுக்கே வரவில்லை. இருபத்தொன்றாவது பாக்கெட் என்று மாற்றினாலே முறை வைத்து நாலு கப்பும் வந்துவிடும். அதைவிட, கப்புக்கு 1, 2, 3, 4 என்று பெயின்டில் எண் எழுதி, தொடர்ந்து விழும் பாக்கெட்டுகளையும் அதே வரிசையில் குறித்துக்கொள்வது நல்லது.

நாலு கப்புக்கு ஒவ்வொன்றாக எடுத்து அதையே ஒரு சப்குரூப் ஆக்கிவிடாதீர்கள். பலரும் செய்வது அது. கப்புக்குக் கப் இருக்கும் வித்தியாசம் சப்குரூப்புக்கு உள்ளே மாட்டிக்கொண்டு கன்ட்ரோல் லிமிட்டை (தாண்டினால் ஏதோ மாறிவிட்டது என்று சொல்லும் சார்ட் கோடுகளை) அகலமாக்கிவிடும். சார்ட்டில் புள்ளிகள் நடுக்கோட்டை ஒட்டி ஒழுங்காக நிற்கும், ஒரு கப் மட்டும் இறங்கினாலும் தெரியாது. அளவுக்கு மேல் அழகாக இருக்கும் சார்ட்டைச் சந்தேகப்படுங்கள்.

கப்புக்கு எத்தனை பாக்கெட்? ஒரு கப்பின் சிக்மா 3 கிராம் என்று வைத்தால், 10 பாக்கெட்டில் அந்தக் கப்பின் சராசரி கூட்டிக் குறைத்து 2 கிராம் வரை தெரியும். 36 பாக்கெட்டில் ஒரு கிராம். 36 போதும். காலியான பையும் எடை மாறும் என்பதால் 20, 25 பையைத் தனியாக நிறுத்து, சராசரியையே கழியுங்கள், ஒரே பையை வைத்து டேர் போட வேண்டாம். தராசு ஃபேனுக்கு நேர் கீழே இருந்தால் இடம் மாற்றுங்கள்.

கப்புகள் 503, 506, 508, 499 என்று வந்தால் மொத்தச் சராசரி 504. சட்டப்படி, 2011-ஆம் ஆண்டின் பொதி செய்யப்பட்ட பொருட்கள் விதிகளில் 500 கிராமுக்குத் தனி பாக்கெட்டில் 15 கிராம் வரை குறைவு பொறுக்கப்படும், சராசரி மட்டும் எழுதிய எடைக்குக் கீழே போகக் கூடாது. ஆக இந்த லாட் தப்பிவிடும். ஆனால் நாலாவது கப் பாக்கெட்டுகளில் பாதிக்கு மேல் 500-க்குக் கீழே. கடைக்காரர் கையில் சிக்கியது அதுதான். இன்னொரு பக்கம், 10,000 பாக்கெட்டுக்கு 40 கிலோ சேவு சும்மா போகிறது. நாலு கப்பையும் 501-க்குக் கொண்டுவந்தால் போவது 10 கிலோ.

எல்லாக் கப்பின் உயரத்தையும் சேர்த்தே ஏற்றி இறக்கும் மெஷினில் தனித்தனியாகத் திருப்ப முடியாது. கப்பைக் கழற்றி உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் தூளும் அப்பியிருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, மூட்டையின் அடியில் தூள் சேரும். தூள் கப்பில் அடர்த்தியாக இறங்கி எடை ஏறும். எனவே ஹாப்பர் நிறைந்திருக்கும்போதும் காலியாகும் நேரத்திலும், இரண்டிலும் எடுங்கள்.

வள்ளியூர். கோ, நோ-கோ கேஜில் (அளவைச் சொல்லாமல் தேறுமா தேறாதா என்று மட்டும் காட்டுவது) 300 பீஸ் போட்டோம், ஒன்றுகூட ரிஜெக்ட் இல்லை. சிபிகே 1.33 என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. 300-இல் பூஜ்யம் என்றால், 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடியது ‘ரிஜெக்ட் ஒரு சதவீதத்துக்கு மேல் இல்லை’ என்பது மட்டும். (மூன்றைப் பீஸ் எண்ணிக்கையால் வகுத்தால் வரும்.) ஒரு பக்க எல்லைக்கு 1.33 என்பது பத்து லட்சத்தில் சுமார் 32 பீஸ். கேஜை வைத்தே அதை நிரூபிக்க ஏறத்தாழ 94,000 பீஸ் ஒன்றுகூடத் தவறாமல் போக வேண்டும். டயல் போர் கேஜோ ஏர் கேஜோ வாங்கி 100 பீஸை அளந்து முடிப்பது மலிவு.

திரெட் மாதிரி கேஜ் தவிர வழியில்லாத இடத்தில் வேறு மாதிரி எழுதுங்கள்: 59 பீஸில் பூஜ்யம் என்றால் 95 சதவீதமாவது நல்லது, 299 பீஸில் பூஜ்யம் என்றால் 99 சதவீதமாவது நல்லது, இரண்டும் 95 சதவீத உறுதியோடு. நடுவில் ஒன்று மாட்டினால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு எண்ணிக்கையைத் தொடரக் கூடாது. ஒன்று வரை பொறுப்பதாக இருந்தால் 59 அல்ல, 93. அதை ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

0.02 வெர்னியரில் அளந்தால் சிபிகே தாறுமாறாக வருகிறது. டாலரன்ஸ் 0.10. சாம்பிளை இரட்டிப்பாக்கலாமா?

வேண்டாம். டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்காவது பிரித்துக் காட்டும் கருவி வேண்டும். உங்களுக்கு 0.01. இப்போது மொத்த டாலரன்ஸும் ஐந்தாறு எண்ணுக்குள் அடங்கிப் போகிறது. மைக்ரோமீட்டருக்கு மாறி, முதலில் 10 பீஸ், 3 ஆள், ஆளுக்கு 3 தடவை என்று 90 ரீடிங்கில் கேஜ் ஆர் அண்ட் ஆர் (கருவியும் ஆளும் சேர்ந்து அளவில் எவ்வளவு தடுமாறுகிறார்கள் என்ற சோதனை) செய்யுங்கள். அந்தப் பத்துப் பீஸும் பெரியது, சிறியது எல்லாம் கலந்து இருக்கட்டும். அளவீட்டுக் கோளாறு டாலரன்ஸில் 30 சதவீதம் இருந்தால், உண்மையில் 1.67 இருக்கும் மெஷின் 1.49 என்றுதான் தெரியும். ஆயிரம் பீஸ் அளந்தாலும் அதே 1.49தான்.

ரன்-அவுட்டுக்கு (சுழலும்போது பீஸ் ஆடும் அளவு) சிபிகே போட்டால் கஸ்டமர் ஏற்கவில்லை. சராசரி 0.012, சிக்மா 0.008.

சராசரியிலிருந்து மூன்று சிக்மா கழித்துப் பாருங்கள்: மைனஸ் 0.012. ரன்-அவுட் மைனஸில் போகுமா? பூஜ்யத்தில் முட்டிக்கொண்டு ஒரு பக்கம் வால் நீளும் அளவுகளுக்கு மணி வடிவக் கணக்கு பொருந்தாது. ஹிஸ்டோகிராம் போட்டு, ஒரு பக்கம் சாய்ந்த வெய்புல் அல்லது லாக்நார்மல் வளைவு பொருந்துகிறதா என்று பார்த்து, மேல் எல்லைக்கு மட்டும் கணக்கிடுங்கள். அந்தக் கணக்கு நிற்பது வாலின் நுனியில், 740 பீஸில் ஒன்று வரும் இடத்தில். 100 பீஸில் அந்த ஒன்றை நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள். எனவே இங்கே 200, 300 கேட்டால் கஸ்டமரைக் குறை சொல்ல முடியாது.

நாங்குநேரியில் வயரிங் யூனிட்டில் வேலை செய்கிறேன். கிரிம்ப் செய்த (வயரோடு சேர்த்து நசுக்கிப் பிடித்த) டெர்மினலை இழுத்துப் பார்த்தால் பீஸ் போச்சு. நூறு பீஸை உடைக்க முதலாளி சம்மதிக்கவில்லை. குறைந்தபட்சம் 80 நியூட்டன் வேண்டும். 10 பீஸில் சராசரி 112, சிக்மா 6.

பத்தில் உருப்படியாகச் சொல்ல வழி இருக்கிறது. 112-இலிருந்து 80-ஐக் கழித்து 6-ஆல் வகுத்தால் 5.3. ஒரு பக்க டாலரன்ஸ் அட்டவணையில் 10 பீஸுக்கு 3.98 தாண்டினால், 95 சதவீத உறுதியோடு 99 சதவீதப் பீஸ் தேறும் என்று எழுதலாம். நீங்கள் தாண்டிவிட்டீர்கள். 20 பீஸ் உடைத்திருந்தால் 3.30 போதும், 30 என்றால் 3.06. எல்லையிலிருந்து எட்டி நிற்கிற உங்களுக்குப் பத்தே போதும். நெருங்கி நின்றால்தான் அதிகம் உடைக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பத்தும் ஒரே ரீல் டெர்மினல், ஒரே வயர் சுருளில் வந்தவையா? அப்படியென்றால் அது அந்த ரீலுக்கு மட்டும்தான். ரீலுக்கு இரண்டு என்று ஐந்து ரீலில் எடுங்கள்.

உடைக்காமலே அளக்கக்கூடியது ஒன்று உண்டு: கிரிம்ப் உயரம். அதற்கென்று உள்ள கூர்முனை மைக்ரோமீட்டரில் 25 தடவை நான்கு நான்காக 100 பீஸ் அளந்து சிபிகே போடுங்கள், முதலாளிக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. ஏனென்றால் இழுவிசை மட்டும் பார்ப்பது ஏமாற்றும். உயரம் அதிகமாக இருந்தால் கம்பி நழுவும். ரொம்ப அழுத்தினால் கம்பியின் இழைகள் நசுங்கி அங்கேயும் விசை இறங்கும். நடுவில்தான் உச்சம். 112 நியூட்டன் எந்தப் பக்கத்துச் சரிவில் வந்தது என்று இழுவிசை சொல்லாது. ஒரே ஒரு முறை, செட்டிங்கை 0.05 மில்லியாக ஏழெட்டுப் படி மாற்றி, படிக்கு மூன்று பீஸ் உடைத்து அந்த வளைவை வரைந்துகொள்ளுங்கள். இருபத்து நாலு டெர்மினல் செலவாகும். பிறகு அப்ளிகேட்டர் (கிரிம்ப் அடிக்கும் டூல்) மாற்றும்போதெல்லாம் மூன்று பீஸ் இழுத்தால் போதும்.